பதினைந்து நிமிடச் சிரிப்பும் அதை எழுதியவரும்

வானொலியில் நாடகம் தொடங்குவதற்கு முன்பு அறிவிப்பாளர் மூன்று செய்திகளைச் சொல்வார்: நாடகத்தின் பெயர், எழுதியவர் பெயர், தயாரித்தவர் பெயர். முடிந்த பிறகு அவற்றையே நடித்தவர்களின் பட்டியலோடு சேர்த்து இன்னொரு முறை சொல்வார். இந்தச் சிறு வழக்கத்தால் ஒரு விசித்திரம் நேர்ந்தது. முகத்தை ஒருநாளும் பார்த்திராத எழுத்தாளர்களின் பெயர்கள், செய்தித்தாள் பிற்பகல் பேருந்தில் வந்து சேர்ந்த சிற்றூர்களில் கூட உறவுக்காரர் பெயர்களைப் போலப் புழங்கின. தொலைக்காட்சி வந்த பிறகு அதே பெயர் காதில் விழும் செய்தியாக இல்லாமல் திரையில் ஓடும் எழுத்தாக மாறியது. ஓடுகிற எழுத்தை நின்று படிப்பவர் எத்தனை பேர்? பாலக்கோட்டுப் பக்கத்தில் எங்கள் ஊரில் ஐம்பதைக் கடந்தவர்களிடம் பழைய வானொலி எழுத்தாளர்களைப் பற்றிக் கேட்டால் இரண்டு மூன்று பெயர்களாவது தேறும். அவர்களுடைய பிள்ளைகளிடம் நேற்று இரவு பார்த்துச் சிரித்த நிகழ்ச்சியை எழுதியவர் யார் என்று கேட்டால், எழுதினார்களா என்று திருப்பிக் கேட்கிறார்கள்.

வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் நகைச்சுவை எழுதுவதைத் தமிழில் ஒரு தொழில் என்று சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. அதை மட்டுமே நம்பி அடுப்பெரித்தவர்கள் மிகச் சிலர். பெரும்பாலோர் பகலில் வேறொரு வேலை பார்த்தார்கள், அல்லது வானொலி நிலையத்திலேயே அரசு ஊழியராக இருந்தார்கள். அவர்கள் எதைப் பற்றி எழுதினார்கள், யாருடைய தமிழில் எழுதினார்கள், எதை எழுதாமல் விட்டார்கள் என்பவற்றுக்கெல்லாம் அந்தப் பகல் வேலையிலும், ஒலிபரப்புக்கென்று இருந்த கட்டுப்பாடுகளிலும் பாதி விடை இருக்கிறது.

கட்டுப்பாடுகளை முதலில் பார்த்துவிடலாம், ஏனென்றால் அவைதாம் குறைவாகப் பேசப்படுகின்றன. சென்னை வானொலி நிலையம் 1938இலும் திருச்சி நிலையம் 1939இலும் தொடங்கப்பட்டன. விடுதலைக்குப் பின் அகில இந்திய வானொலி அரசின் குரலாகவே வளர்ந்தது. சமயத்தையோ சமூகத்தையோ தாக்கக் கூடாது, நட்பு நாடுகளைக் குறை கூறக் கூடாது, கட்சிகளைப் பெயர் சொல்லிச் சாடக் கூடாது, யாருக்கும் அவதூறு நேரக் கூடாது என்ற நெறிகள் அங்கே எழுதி வைக்கப்பட்டவை. ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானதுதான். ஆனால் எல்லாவற்றையும் சேர்த்துத் தன் மேசைமேல் வைத்துக்கொண்டு ஒருவர் நகைச்சுவை எழுத உட்கார்ந்தால், அவருக்கு மிஞ்சுவது வீடு ஒன்றுதான். மறதிக்காரக் கணவன், கஞ்சத் தகப்பன், காது மந்தமான தாத்தா, வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரர். ஐம்பது ஆண்டு வானொலி நகைச்சுவையின் பாத்திரப் பட்டியல் ஏறத்தாழ இவ்வளவே. கற்பனை வறட்சியால் அப்படி ஆயிற்று என்று சொல்பவர்கள் உண்டு. எழுத்தாளர்களுக்குத் திறந்திருந்த வாசல் அது ஒன்றுதான் என்று சொல்வதே பொருந்தும்.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் இடங்கள் நான்கு என்கிறார்: எள்ளல், இளமை, பேதைமை, மடன். பிறரை இகழ்வதிலும், பிள்ளைத்தனத்திலும், அறியாமையிலும், சொன்னதைச் சொன்னபடியே பிடித்துக்கொள்ளும் வெள்ளைத்தனத்திலும் சிரிப்பு பிறக்கிறது. இந்த நான்கில் முதலாவதை ஒலிபரப்பு நெறிகள் ஏறக்குறைய முழுமையாக அடைத்துவிட்டன. ஆகவே வானொலி எழுத்தாளர்கள் மற்ற மூன்றை, குறிப்பாகப் பேதைமையையும் மடனையும் வைத்தே காலம் தள்ளினார்கள்.

எங்கள் மண்ணுக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கலாம். தகடூர் என்ற பழம்பெயர் கொண்ட தர்மபுரி எள்ளலுக்குப் பேர்போன ஊர். அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது போன ஔவையார், அவன் பெருமையோடு காட்டிய படைக்கலக் கொட்டிலைப் பார்த்துவிட்டுப் பாடியது புறநானூற்றின் 95ஆம் பாட்டாக இருக்கிறது. உன் வேல்கள் மயிற்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசப்பட்டுக் காவலுள்ள மாளிகையில் அழகாக இருக்கின்றன, எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார். புகழ்வது போல இகழ்ந்தாகிவிட்டது. நட்பு நாட்டைக் குறை கூறக் கூடாது என்ற நெறி அன்று இருந்திருந்தால் இந்தப் பாட்டு ஒலிபரப்பாகியிருக்காது.

எழுத்து வேலை எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். வானொலிப் பிரதியின் தாள் எளிமையானது. இடப்பக்கம் பாத்திரத்தின் பெயர், வலப்பக்கம் அவர் பேச்சு, இடையிடையே அடிக்கோடிட்ட ஒலிக்குறிப்பு: கதவு தட்டும் ஓசை, சைக்கிள் மணி, பாத்திரம் உருளும் சத்தம். எளிமை அதோடு முடிந்தது. காதுக்குக் கண் கிடையாது என்பதால் ஒருவர் உள்ளே வந்தால் வந்தார் என்பதையும், யார் வந்தார் என்பதையும் பேச்சிலேயே சொல்லியாக வேண்டும். அதையும் சொல்வது தெரியாமல் சொல்ல வேண்டும். "வாங்க மாமா, குடையை அந்த மூலையில வைங்க" என்ற ஒரு வரியில் வந்தவர் மாமா என்பதும், வெளியே மழை என்பதும், பேசுபவர் வீட்டுக்குரியவர் என்பதும் அடங்கிவிடுகின்றன. மேடையில் நடிகர் ஒரு பார்வையால் வாங்கிவிடும் சிரிப்பை வானொலியில் ஒரு சொல்லால் வாங்க வேண்டும். அந்தச் சொல் வாக்கியத்தின் கடைசியில் நிற்க வேண்டும், அதற்குப் பிறகு ஒரு மூச்சளவு இடைவெளியும் விட வேண்டும். கேட்பவர் சிரிக்கும் நேரம் எவ்வளவு என்று ஒலிப்பதிவுக் கூடத்தில் இருப்பவருக்குத் தெரியாது. சிரிப்பே கேட்காத அறையில் உட்கார்ந்து சிரிப்புக்கு இடம் விட்டு எழுதுவது, இருட்டில் பரிமாறுவது போன்ற வேலை.

இந்தச் சங்கடத்தை நானும் ஒரு முறை அனுபவித்திருக்கிறேன். இளம் வயதில் ஒரு வானொலி நிலையத்துக்குப் பதினைந்து நிமிட நகைச்சுவை நாடகம் ஒன்றை எழுதி அனுப்பினேன். கிருஷ்ணகிரி மாங்காய் மண்டிதான் களம். புதுமனை புகுவிழாவுக்குத் தோரணம் கட்ட மாவிலை தேடி வரும் ஒருவரும், விலையைத் தவிர வேறெதையும் காதில் வாங்காத ஒரு வியாபாரியும் பேசிக்கொள்கிறார்கள்.

"மாவிலை எப்படிங்க இருக்கு?"

"காலையில ஏறுச்சு, மத்தியானம் எறங்கிடுச்சு."

"யாருங்க ஏத்தினது?"

"சேலத்துக்காரங்க."

காதுக்கு 'மாவிலை'யும் 'மா விலை'யும் ஒன்றே. அச்சில் இடைவெளி விட்டால் குட்டு உடைந்துவிடும். உண்மையில் மண்டியில் யாரும் 'மா விலை' என்று சொல்வதில்லை, 'காய் வெலை' என்றுதான் சொல்வார்கள். சிலேடைக்காக இந்தப் பொய்யைச் சொன்னேன். காளமேகம் முதலாக எல்லோரும் சொன்ன பொய்தான் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டேன். பிரதி சில மாதங்களில் திரும்பி வந்தது, ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் இரண்டு குறிப்புகளுடன். முதலாவது, ஐந்து ஆண் குரல்கள் வேண்டாம், மூன்று போதும், கேட்பவருக்கு யார் பேசுகிறார் என்று குழம்பும். அது முழுக்கச் சரி, அன்றுதான் எனக்கு அந்தப் பாடம் தெரிந்தது. இரண்டாவது, 'சேலத்துக்காரங்க' என்பதை எடுத்துவிடவும், ஓர் ஊராரைக் குறிப்பதாகக் கொள்ளப்படலாம். எடுத்துவிட்டு 'யாரோ' என்று போட்டுப் பார்த்தேன். நாடகத்தில் உப்பு போய்விட்டது. திருத்தி அனுப்பவில்லை.

குரல் குழம்பக் கூடாது என்ற விதிக்குத் தமிழில் மிக அழகான விடை கண்டவர்கள் சென்னையில் இல்லை, கொழும்பில் இருந்தார்கள். இலங்கை வானொலியில் எஸ். ராம்தாஸ் எழுதி நடித்த 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடரில் ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு தமிழ் பேசியது. மரிக்கார் முஸ்லிம்களின் தமிழ், அப்புக்குட்டி யாழ்ப்பாணத் தமிழ், உபாலி சிங்களவர் பேசும் தமிழ், ஐயர் அக்கிரகாரத் தமிழ். பெயரைச் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. வாயைத் திறந்த மறுகணம் ஆள் யார் என்று தெரிந்துவிடும். அந்த நால்வரும் ஒருவரையொருவர் சரியாகப் புரிந்துகொள்ளாமல் போவதிலேயே கதை நகரும். ராம்தாஸ் மரிக்காராகவும், டி. ராஜகோபால் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் உபாலியாகவும், பி. எச். அப்துல் ஹமீத் ஐயராகவும் நடித்தார்கள். பாத்திரப் பெயர்கள் அவர்களுடைய சொந்தப் பெயர்களோடு ஒட்டிக்கொண்டு 'மரிக்கார் ராம்தாஸ்' என்றே கடைசி வரை வழங்கின. வானொலியில் பெற்ற வரவேற்பால் அந்தப் பாத்திரங்கள் 1976இல் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தன. பிற்காலத்தில் சென்னையில் வாழ்ந்த ராம்தாஸ் 2016இல் காலமானார். வானொலி எழுத்தாளர்களில் அவரை நான் முதல் வரிசையில் வைப்பேன், ஏனென்றால் பேதைமையையும் மடனையும் தாண்டி, மொழியின் வேறுபாட்டையே சிரிப்பின் ஊற்றாக்கியவர் அவர். ஒருவரையும் இகழாமல் நால்வரையும் கேலி செய்ய அவருக்குத் தெரிந்திருந்தது.

இந்த உத்திக்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடம் ஒன்று உண்டென்றால் அது எங்கள் பக்கம்தான். ஓசூர்ச் சந்தையில் ஒரு மணி நேரம் நின்றால் தெலுங்கு வீட்டுமொழியாக உள்ளவரின் தமிழ், கன்னடம் கலந்த தமிழ், உருது பேசுவோரின் தமிழ், ஆலை வேலைக்காகத் தெற்கிலிருந்து வந்தவரின் தமிழ் எல்லாம் ஒரே தக்காளிக் கூடையைச் சுற்றிக் கேட்கும். வானொலி நாடகத்துக்கென்றே ஊரைக் கூட்டி வைத்தது போல இருக்கும். ஆனால் வானொலி நகைச்சுவையின் தலைநகரம் சென்னையாக இருந்தது. எழுதியவர்கள் அங்கே அலுவலகம் போய் வந்தவர்கள். தங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் கேட்ட தமிழைத்தான் எழுதினார்கள்.

அவர்களில் நிலையத்துக்குள்ளேயே இருந்தவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். கூத்தபிரான் என்ற பெயரில் எழுதிய என். வி. ராஜாமணி சென்னை வானொலியில் சிறுவர் நிகழ்ச்சியை நடத்தி 'வானொலி அண்ணா'வாக அறியப்பட்டார், நாடகங்களும் எழுதினார். தென்கச்சி கோ. சுவாமிநாதன் வேளாண்மை படித்தவர். உழவர்களுக்கான நிகழ்ச்சியின் வழியே வானொலிக்குள் வந்து, காலையில் சில நிமிடங்களே வந்த 'இன்று ஒரு தகவல்' மூலம் தமிழ்நாடு முழுவதும் கேட்கப்பட்டவர். அவருடைய வடிவம் எழுத்தாளர்கள் கவனிக்க வேண்டியது. ஏதாவது ஒரு தகவலை நிதானமாக விரித்துச் சொல்லிக்கொண்டே போய், கடைசியில் ஒரு குட்டி நகைச்சுவைக் கதையை அவிழ்த்துவிட்டு, தான் சிரிக்காமல் முடித்துக்கொள்வார். சிரிக்காமல் சொல்வதுதான் சூட்சுமம். எங்கள் ஊரில் அவருடைய நிகழ்ச்சி ஓடும்போது மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருப்பவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்டதைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களின் நாடகங்களில் வந்த மாடிவீடு, மேனேஜர், லிஃப்ட் எல்லாம் அவர்களுக்கு அடுத்த வீட்டுச் சமாசாரமாக இருந்தன. தென்கச்சியாரின் குரலில்தான் ஒரு கிராமத்துத் திண்ணை இருந்தது. 2009இல் அவர் மறைந்தார்.

வெளியிலிருந்து வந்தவர்களின் பாதை மேடை நாடகம் வழியானது. அதை முழுதாகக் காட்டும் வாழ்க்கை கிரேசி மோகனுடையது. 1952இல் பிறந்த அவர் கிண்டி பொறியியல் கல்லூரியில் இயந்திரவியல் படித்தார். மாணவராக இருந்தபோதே கல்லூரி மேடைகளுக்குக் குறுநாடகம் எழுதினார். படிப்பு முடிந்ததும் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார், எழுத்தையும் விடவில்லை. 1976இல் எஸ். வி. சேகரின் நாடகக் குழுவுக்காக அவர் எழுதிய 'கிரேசி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' பெற்ற வெற்றியால் 'கிரேசி' என்ற சொல் அவர் பெயருக்கு முன்னால் வந்து உட்கார்ந்துகொண்டது. 1979இல் சொந்தக் குழுவைத் தொடங்கினார். அவருடைய நாடகம் ஒன்றை 1983இல் கே. பாலசந்தர் திரைப்படமாக்கினார். அதன் பிறகும் சில காலம் வேலை ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் என்றே வாழ்ந்து, பிறகுதான் முழுநேர எழுத்தாளர் ஆனார். தொலைக்காட்சித் தொடர்கள், திரைப்பட உரையாடல்கள், சிறுகதைகள், வெண்பாக்கள் எனப் பல வகையிலும் எழுதி 2019இல் மறைந்தார்.

அவருடைய உரையாடலைக் கூர்ந்து கேட்டால் அது அடிப்படையில் காதுக்காக எழுதப்பட்டது என்று தெரியும். ஒருவர் சொன்ன வாக்கியத்தின் கடைசிச் சொல்லை அடுத்தவர் வேறு பொருளில் பிடித்துக்கொள்வார், அதை மூன்றாமவர் இன்னும் கோணலாகப் பிடிப்பார். சண்டை போலத் தோன்றும் அந்த ஓட்டத்தில் ஒருவரும் யாரையும் புண்படுத்துவதில்லை. தொல்காப்பியர் சொன்ன மடன் அதன் உச்ச வேகத்தில் ஓடுவது அங்கேதான். மாது, சீனு, ஜானகி என்று நாடகத்துக்கு நாடகம் அதே பெயர்கள் வரும். ஜானகி என்பது பள்ளியில் தன்னை ஊக்கப்படுத்திய ஆசிரியையின் பெயர் என்று அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். பெயரை மாற்றாததில் நன்றியுணர்ச்சி மட்டும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. தெரிந்த பெயர் காதில் விழுந்ததும் அந்தப் பாத்திரத்தின் குணம் முழுவதும் நினைவுக்கு வந்துவிடுகிறது, அறிமுகத்துக்கான இரண்டு நிமிடங்கள் மிச்சமாகின்றன.

சென்னைச் சபாக்களின் இந்த நாடகங்கள் தர்மபுரிக்கு எப்படி வந்தன என்பது தனிக்கதை. அந்தக் குழுக்கள் எங்கள் ஊருக்கு வரவில்லை. 1980களில் எஸ். வி. சேகரின் நாடகங்கள் ஒலிநாடாவாக வந்தன. டேப் ரெக்கார்டர் வைத்திருந்த வீட்டுத் திண்ணையில் கூடி அவற்றைக் கேட்டோம். அவற்றில் வானொலியில் இல்லாத ஒன்று இருந்தது, பார்வையாளரின் சிரிப்பு. எங்கோ ஒரு சபாவில் யாரோ சிரித்தது நாடாவில் பதிந்திருந்ததால், பாதி புரியாத நகைச்சுவைக்கும் நாங்கள் சேர்ந்து சிரித்தோம். ஒரு வகையில் சென்னை எங்களுக்குச் சிரிக்கும் இடத்தைக் கற்றுக்கொடுத்தது என்று சொல்லலாம், சற்றுக் கசப்போடு.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியபோது அதற்கென்று தனியாக நகைச்சுவை எழுத்தாளர்கள் இல்லை. மேடைக் குழுக்கள் தங்கள் நாடகத்தோடு அப்படியே படப்பிடிப்பு அரங்குக்குள் நுழைந்தன. தூர்தர்ஷன் தொடர்களைப் பதின்மூன்று வாரக் கணக்கில் அனுமதித்தது. அதனால் எழுத்தாளர் பதின்மூன்று முறை ஒரே வீட்டுக்குள் புதிய சிக்கலைக் கொண்டுவர வேண்டியிருந்தது. அந்த அளவு நகைச்சுவைக்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம். பாத்திரங்கள் பழகவும் போதும், சலிக்கும் முன் முடிந்தும் விடும். 1993இல் சன் தொலைக்காட்சி வந்து, பிறகு வாரத் தொடர்களின் இடத்தை அன்றாடத் தொடர்கள் பிடித்தபோது இந்த அளவு உடைந்தது. அழுகையை நாள்தோறும் நீட்டலாம், நகைச்சுவையை அப்படி நீட்ட முடியாது. நகைச்சுவை தனி அலைவரிசைகளுக்குப் போனபோது அங்கே பெரும்பாலும் திரைப்படக் காட்சிகளே திரும்பத் திரும்ப ஓடின. அவற்றுக்குப் புதிதாக எழுத ஆள் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. விஜய் தொலைக்காட்சியில் ராம்பாலா இயக்கிய 'லொள்ளு சபா' புகழ்பெற்ற திரைப்படங்களைக் காட்சி காட்சியாகக் கிண்டல் செய்தது. வானொலி அடைத்து வைத்த எள்ளல் என்ற கதவு, தனியார் தொலைக்காட்சியில் திரைப்படத்தின் பக்கமாக மட்டும் கொஞ்சம் திறந்தது. அதே அலைவரிசையின் 'கலக்கப் போவது யாரு' வேறொரு மாற்றத்தைக் கொண்டுவந்தது. போட்டியாளர்கள் எழுதுபவராகவும் நடிப்பவராகவும் ஒருவரே ஆனார்கள். மதுரைத் தமிழும் கொங்குத் தமிழும் திரைக்கு வந்தன. ராம்தாஸ் கொழும்பில் செய்ததை அவர்கள் தனியாள்களாகச் செய்தார்கள். ஆனால் எழுத்தாளர் என்ற தனி ஆள் அங்கே மறைந்துபோனார். நடிப்பவருக்குத்தான் ஊர் தெரியும், முகம் தெரியும், பெயர் தெரியும்.

தர்மபுரியில் இப்போது 102.5 பண்பலையில் வானொலி நிலையமே இருக்கிறது. ஆனால் எங்கள் மாவட்டத்துத் தமிழில் தாளே இல்லாமல் நெடுங்காலமாக நகைச்சுவை எழுதி வருபவர் தெருக்கூத்தின் கட்டியக்காரர்தான். பாரதக் கூத்தில் ராஜா வருகையை அறிவிப்பதும், இடையில் ராஜாவையே மடக்குவதும், அன்றைக்கு ஊரில் நடந்ததை அந்தக் காலத்துக் கதைக்குள் இழுத்து விடுவதும் அவர் வேலை. தயாரிப்பாளர் கிடையாது, சிவப்புப் பென்சில் கிடையாது. சிரிப்பு வரவில்லை என்றால் எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் முகத்திலேயே தெரிந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் காரிமங்கலம் பக்கத்தில் ஓர் ஊரில் கூத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னிரவு, துரியோதனன் கொலுவில் இருக்கிறான். நாட்டு நடப்பு என்ன என்று அவன் கேட்க, "மாவிலை ஏறிப்போச்சுங்க ராஜா" என்றார் கட்டியக்காரர். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கண்ணுக்கு முன் பொருளைக் காட்டினால் இந்தச் சிலேடை செத்துவிடும், காதுக்கு மட்டுமே பிழைக்கும் என்று நான் பல காலம் நம்பியிருந்தேன். அவரோ கையை உயர்த்திப் பந்தல் முகப்பில் கட்டியிருந்த மாவிலைத் தோரணத்தையே காட்டினார். கூட்டம் தலையை நிமிர்த்திப் பார்த்துவிட்டு ஒரு கணம் தாமதித்துச் சிரித்தது. "ஏற்றியவன் யாரடா?" என்று துரியோதனன் உறுமினான். கட்டியக்காரர் திரும்பி, முன்வரிசை நாற்காலியில் சால்வையோடு உட்கார்ந்திருந்த ஊர்ப் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார்.